எழுபத்திரண்டு புள்ளி ஒன்பது

திருடி யார் என்று கண்ணாடிப் பட்டறை முதலாளிக்குத் தெரியும். திருட்டுப்போன பொருள் எங்கே என்பதுதான் தெரியாது. அதைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லித்தான் அண்ணிக்கு போன் செய்திருந்தார்.

"பாதி வேலையை அவரே முடிச்சுட்டாரு அண்ணி. நாம போய் மீதியைக் கூட்டி அள்ளிட்டு வந்தா போதும்," என்றாள் ஊசி, பட்டறை வாசலில் காரை நிறுத்தியபடி.

ஊசி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். உடம்பைப் பார்த்து வைத்தார்களா, நாக்கைப் பார்த்து வைத்தார்களா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மூன்று வேலைகளை அவள் வாயாலேயே இழந்திருந்தாள். நான்காவது வேலையில் மேலதிகாரி சொந்த அண்ணனின் மனைவி என்பதால் தாக்குப்பிடித்துக் கொண்டிருந்தாள். அண்ணி பதினோரு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது வீட்டு முன்னறையிலேயே துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். ஊசி போனில் போடுகிற "அண்ணி" என்ற கூச்சலைக் கேட்டுக் கேட்டு, வாடிக்கையாளர்களும் அவரை அண்ணி என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். நரைத்த மீசைக்காரர்கள்கூட.

முதலாளியின் அறையில் நான்கு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலாளி. ஒருவர் போதாதா என்று ஊசி நினைத்துக்கொண்டாள்.

"விஷயம் ரொம்பச் சின்னது," என்று ஆரம்பித்தார் அவர். "வெறும் கண்ணாடியைக் கழுவி, அது முதுகுல வெள்ளிக் கரைசலைத் தெளிச்சாத்தான் முகம் தெரியும். சில்வர் நைட்ரேட்டுன்னு ஒரு உப்பு. அதைத் தண்ணில கரைச்சு வைக்கறது மைவிரலோட வேலை."

மைவிரல் ஓரமாக நின்றிருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். அந்த உப்பு தோலில் பட்டு வெளிச்சம் பார்த்தால் கறுத்துப் போகும். கழுவினாலும் போகாது, நாள்பட்டுத் தோல் உரிந்தால்தான் போகும். அவளுடைய பத்து விரல்களும் மைக்கூட்டில் முக்கி எடுத்தது போலிருந்தன. ஒரு விரலில் மோதிரம், புதிது.

"திங்கட்கிழமை பத்து லிட்டர் ஜாடி நிறையக் கலந்து அலமாரியில வெச்சுப் பூட்டினா. லிட்டருக்கு நூறு கிராம். அடுத்த வாரம் ஒரு பெரிய ஓட்டலுக்கு இருநூறு கண்ணாடி போகணும், அதுக்காக. இன்னைக்கு சனிக்கிழமை. காலையில பாத்தா ஜாடியில கரைசல் கோடு வரைக்கும் அப்படியே இருக்கு. ஆனா சத்து இல்லை. யாரோ கரைசலை எடுத்துட்டு, பதிலுக்குத் தண்ணியை ஊத்தியிருக்காங்க. வெளி லேபுக்கும் அனுப்பிட்டேன். லிட்டருக்கு எழுபத்திரண்டு புள்ளி ஒன்பது கிராம். பேப்பர் இதோ."

"குறையுதுன்னு முதல்ல கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார் அண்ணி.

முதலாளி மைவிரலைப் பார்க்காமல் அவள் பக்கம் தாடையை நீட்டினார். "இவதான். எந்த ஜாடியையும் சோதிக்காம தொடமாட்டா. தானே கலந்ததா இருந்தாலும் திறக்கறப்போ ஒரு தடவை சோதிப்பா. காலையில வந்து, 'சார், நூறு இருக்க வேண்டியது எழுபத்து மூணுதான் இருக்கு'ன்னு சொன்னா."

"திருடிட்டு, அவங்களே வந்து சொன்னாங்களா?"

"அதுதான் தந்திரம்."

"பயங்கரமான தந்திரம் சார்," என்றாள் ஊசி. "திருடி முடிச்சு, கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி மறைச்சு, அப்புறம் யாருக்குமே தெரியலையேன்னு வருத்தப்பட்டு அவங்களே வந்து சொல்லியிருக்காங்க. இந்த மாதிரி நாலு திருடங்க இருந்தா நாங்க கடையை மூடிடலாம்."

முதலாளி அவளை முறைத்தார். கண்ணாடிகளிலிருந்த முதலாளிகளும் முறைத்தார்கள்.

"அலமாரிக்கு மூணு சாவி. ஒண்ணு இவகிட்ட, ஒண்ணு என் மகன்கிட்ட, ஒண்ணு வீட்ல என் மனைவியோட கைப்பையில. மகன் திருட வேண்டிய அவசியம் என்ன? எல்லாம் அவனுக்குத்தான். காலையிலேயே பட்டறை ஆளுங்க எல்லாரையும் நிக்க வெச்சு, இவதான்னு சொல்லிட்டேன். இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவர். அஞ்சு மணிக்கு வர்றாரு. அதுக்குள்ள இவ வெள்ளியை எங்க வித்தான்னு நீங்க கண்டுபிடிச்சுட்டா கேஸ் சுத்தமா இருக்கும்."

சுவர்க் கடிகாரம் மூன்றரையைக் காட்டியது.

மூலை நாற்காலியிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. முதலாளியம்மா. "அடுத்த மாசம் இவளை மருமகளா வீட்டுக்குக் கூட்டிட்டு வர இருந்தோம்மா," என்றார் அண்ணியிடம். "என் பையனுக்கு இவதான் வேணும்னு ஒரே பிடிவாதம். மூணு நாள் சாப்பிடாம கிடந்து இவரைச் சம்மதிக்க வெச்சான். நான் அப்பவே சொன்னேன். என் பேச்சை யாரு கேட்டா."

ஊசிக்கு இப்போதுதான் அந்தப் புது மோதிரம் புரிந்தது. ஐந்து மணிக்கு இந்தப் பெண் இழக்கப் போவது வேலையை மட்டுமல்ல.

அண்ணி எதையும் குறித்துக்கொள்ளவில்லை. "எல்லார்கிட்டயும் ஒரே ஒரு கேள்வி. ஜாடியில இருந்து போனது எவ்வளவு?"

"இதென்ன கேள்வி," என்றார் முதலாளி. "நூறுல இருபத்தேழு குறையுது. பத்து லிட்டர்ல ரெண்டே முக்கால் லிட்டருக்கு ஒரு கரண்டி கம்மி. தினம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்திருக்கா. இங்கயே உக்காந்திருக்கறவளாலதான் அது முடியும்."

"எனக்கு லிட்டரும் தெரியாது, கரண்டியும் தெரியாது," என்றார் முதலாளியம்மா. "போனது என் மானம்."

அண்ணி மைவிரல் பக்கம் திரும்பினார்.

"சொல்ல முடியாதுங்க மேடம்," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தாலும் தெளிவாக இருந்தது. "எத்தனை தடவையா எடுத்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு போச்சுன்னு சொல்ல முடியும்."

"பாத்தீங்களா," என்றார் முதலாளி வெற்றியுடன். "மழுப்பறா."

வெளியே வந்தபோது மாடிப்படியில் ஒருவன் அவர்களை மறித்தான். முதலாளியின் மகன். பட்டறையில் எல்லோரும் சின்னவர் என்று கூப்பிடுவார்கள். சிவந்த கண், கலைந்த முடி, இரண்டு நாள் தாடி. சோகம் அவனுக்கு நன்றாகவே பொருந்தியிருந்தது.

"மேடம், எப்படியாவது போலீஸ் வராம பாத்துக்குங்க," என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினான். "அவ ஏதோ கஷ்டத்துல பண்ணிட்டா. போனது மூணு லிட்டர். அதுக்காக ஒரு பொண்ணை ஸ்டேஷன்ல உக்கார வெக்கணுமா? கல்யாணம் நின்னா நிக்கட்டும். அதை நான் தாங்கிக்குவேன். அவ கௌரவமா வெளியே போகணும், அவ்வளவுதான்."

அண்ணி தலையசைத்துவிட்டு நடந்தார். ஊசி நாலடி பின்தங்கி வந்தாள்.

"அண்ணி, இந்த மாதிரி ஒருத்தன் எனக்குக் கிடைச்சா நான் தினம் ஒரு ஜாடி திருடுவேன்."

"முன்னாடி பாத்து நட. கண்ணாடியில மோதிக்கப் போற."

கரைசல் கலக்கும் அறை சின்னதாக, துடைத்து வைத்தது போலிருந்தது. ஜன்னலில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது, வெளிச்சம் கரைசலைக் கெடுத்துவிடும் என்பதால். அலமாரிக்குள் பழுப்பு நிற ஜாடி. கழுத்துக்குக் கீழே பத்து லிட்டருக்கு ஒரு கோடு. கரைசல் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு, மயிரிழைகூட ஏறாமல் இறங்காமல் நின்றது.

"சுத்தமான ஆள்," என்றார் அண்ணி. "ஊத்தின தண்ணியைக் குனிஞ்சு பாத்து அளவா நிறுத்தியிருக்காங்க."

"எனக்கு ஆள் கிடைச்சாச்சு," என்றாள் ஊசி, குரலைத் தாழ்த்தி. "முதலாளியம்மா. சாவி கைப்பையில இருக்கு. மருமகள் பிடிக்கலை. வெள்ளியை யாருக்கும் விக்கவே இல்லை, கீழ கொட்டிட்டாங்க. பழியைத் தூக்கி பொண்ணு தலையில போட்டாச்சு. வாங்க, அஞ்சு மணிக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடலாம்."

"பாதி சரி," என்றார் அண்ணி. மைவிரலைக் கூப்பிட்டு, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கரைசல் கொஞ்சம் ஊற்றித் தரச் சொன்னார். பிறகு முதலாளியம்மாவையும் வரவழைத்தார். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டே வாசற்படியில் நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்த ஜாடியில நீங்க தண்ணி ஊத்தியிருந்தா எங்கேருந்து எடுத்திருப்பீங்க?"

"என்னைச் சந்தேகப்படறியாம்மா?" முதலாளியம்மாவுக்குக் கோபத்தைவிட ஆர்வமே அதிகமாக இருந்தது. "இந்தக் கல்யாணம் நிக்கணும்னு நான் ஆசைப்பட்டது உண்மை. மறைக்க மாட்டேன். இவ விரலைப் பாத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனா நான் எதுக்கும்மா ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊத்தணும்? நானா இருந்தா குழாயைத் திறந்து நேரா ஜாடிக்குள்ள விட்டிருப்பேன், எல்லார் கண்ணு முன்னாடியும்."

"விடுங்களேன், இதுல," என்று கண்ணாடிக் குழாயை நீட்டினார் அண்ணி.

முதலாளியம்மா குழாயடிக்குப் போய் இரண்டு சொட்டு விட்டார். தெளிந்த நீர் போலிருந்த கரைசல் சட்டென்று பால் போல் வெளுத்தது. அவர் பதறி அதை மைவிரல் கையில் திணித்தார்.

"குழாய்த் தண்ணில இருக்கற உப்பு வெள்ளியைப் பிடிச்சுத் திரிச்சுடும்மா," என்று மைவிரல் பதில் சொன்னாள். மாமியாராக வரவிருந்தவரிடம் பேசப் பழகிக்கொண்ட பணிவு இன்னும் குரலில் மிச்சமிருந்தது. "அதனாலதான் இங்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கேன்ல வரும். மாடி ஸ்டோர்ல இருக்கும்."

"ஆனா ஜாடியில இருக்கறது தெளிவா இருக்கு," என்றார் அண்ணி. "ஊத்தினவங்களுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும்னு தெரிஞ்சிருக்கு. நீங்க போகலாம், அம்மா. உங்க பேர் என் லிஸ்ட்ல இல்லை."

முதலாளியம்மா போனார், லிஸ்டில் இல்லாததில் லேசான ஏமாற்றத்துடன்.

"சரி, ஒரு ஆள் குறைஞ்சாச்சு," என்றாள் ஊசி. "இப்போ கரைசல் பத்தித் தெரிஞ்சவங்க மூணே பேர். முதலாளி, சின்னவர், இந்தப் பொண்ணு. முதலாளி தன் ஜாடியையே கெடுத்துட்டு தன் காசுல நம்மளையும் கூப்பிட்டிருக்க மாட்டாரு. சின்னவர் படியில அழுதுக்கிட்டிருக்காரு. மிச்சம் இருக்கறது…" அவள் மைவிரலைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை விழுங்கினாள். ஊசி வாக்கியத்தை விழுங்குவது வருடத்துக்கு ஒருமுறை நடப்பது.

"வா, காபி குடிக்கலாம்," என்றார் அண்ணி.

பட்டறையின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்கைத் திறந்தார். மணி நாலேகால். உள்ளே கண்ணாடி அறுக்கும் சத்தம் பல்லைக் கூச வைத்தது.

"ஒண்ணு கேக்கறேன். ரெண்டே முக்கால் லிட்டருக்கு ஒரு கரண்டி கம்மின்னாரே, அந்த அளவுக்கு ஏதாவது பாத்திரம் பாத்திருக்கியா?"

"இல்லை. அதான் எனக்கும் இடிக்குது. அரைகுறைத் திருட்டு."

"ஜாடிக்குள்ள எழுதியிருக்கறது அரைகுறை இல்லை. இவருக்குத்தான் படிக்கத் தெரியலை. பத்து கப் கறுப்புக் காபி இருக்குன்னு வெச்சுக்க. நான் உனக்குத் தெரியாம ஒரு கப் குடிச்சுட்டு ஒரு கப் தண்ணி ஊத்தறேன். இப்போ எவ்வளவு காபி இருக்கு?"

"ஒம்போது கப் காபி, ஒரு கப் தண்ணி. குடிச்ச உடனே கண்டுபிடிச்சுடுவேன்."

"நூறு, தொண்ணூறாச்சு. நாளைக்கும் அதே மாதிரி ஒரு கப் குடிக்கறேன். நாளைக்கு நான் குடிக்கறது முழுக் காபியா?"

ஊசி யோசித்தாள். "இல்லை. நேத்து ஊத்தின தண்ணியும் அதுல கொஞ்சம் இருக்கும். உங்க தண்ணியையே நீங்க குடிப்பீங்க. நல்லா வேணும்."

"அதனால ரெண்டாவது நாள் பத்து குறையாது. தொண்ணூறுல பத்துல ஒரு பங்கு, ஒம்போதுதான் குறையும். எண்பத்தொண்ணு. மூணாவது நாள் அந்த எண்பத்தொண்ணுல பத்துல ஒரு பங்கு."

ஊசி செல்போனில் தட்டினாள். எண்பத்தொன்றிலிருந்து எட்டு புள்ளி ஒன்று போனால், திரையில் வந்த எண்ணை அவள் ஏற்கெனவே லேப் பேப்பரில் பார்த்திருந்தாள்.

எழுபத்திரண்டு புள்ளி ஒன்பது.

"கொஞ்சம் கொஞ்சமா தினம் எடுத்தது இல்லை," என்றார் அண்ணி. "சரியா மூணே தடவை. ஒவ்வொரு தடவையும் சரியா ஒரு லிட்டர். வெளியே போனது மூணு லிட்டர். ஆனா கணக்கு போட்டா ரெண்டு புள்ளி ஏழு மாதிரிதான் தெரியும், ஏன்னா எடுத்ததுல கொஞ்சம் அவங்களே ஊத்தின தண்ணி. லேப் பேப்பரை மட்டும் பாத்தவங்க ரெண்டே முக்கால்னுதான் சொல்லுவாங்க. முதலாளி சொன்னாரு. விஷயம் தெரிஞ்சவ, எத்தனை தடவைன்னு தெரியாம சொல்ல முடியாதுன்னா. அதுதான் சரியான பதில். இப்போ நீ சொல்லு. இந்தக் கட்டடத்துல இன்னைக்கு மூணு லிட்டர்னு யாரு சொன்னாங்க?"

ஊசியின் கையிலிருந்த காபி வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

சிவந்த கண். கலைந்த முடி. இரண்டு நாள் தாடி.

"ஐயோ அண்ணி," என்றாள் மெதுவாக. "நான் அந்த ஆளுக்காக ஜாடி திருடறேன்னு சொன்னேனே."

"எங்கிட்டதானே சொன்ன. உன் அண்ணன்கிட்ட சொல்லமாட்டேன். காரோட டிக்கியில பெரிய ஸ்பேனர் இருக்கு, எடுத்துக்கோ. படியில நின்னப்போ, மேல திறந்திருந்த சின்னவர் அறைக்குள்ள கை கழுவற தொட்டி ஒண்ணு இருக்கறதைப் பாத்தேன். தொட்டிக்குக் கீழே வளைஞ்ச குழாய் இருக்கும். அதைக் கழட்டி, உள்ள தங்கியிருக்கறதை ஒரு வெள்ளைத் தட்டுல கொட்டி எடுத்துட்டு வா. நான் அவரைக் கீழே கூப்பிட்டு வெச்சுக்கறேன்."

"புடிச்சவன் தொட்டியைக் கழட்டற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்," என்று முனகியபடி எழுந்தாள் ஊசி.

வளைந்த குழாய் சுலபத்தில் கழலவில்லை. கழன்றபோது பாதி ஊசியின் கை மேல் கொட்டியது. சோப்பு நுரைக்கும் முடிக்கற்றைக்கும் நடுவே திரிந்த பால் போல் வெள்ளையாக ஏதோ திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. அதை வழித்துத் தட்டில் போட்டு, மேலே ஒரு செய்தித்தாளை மூடிக்கொண்டு இறங்கினாள்.

முதலாளியின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். சின்னவர் மைவிரலுக்குப் பக்கத்தில், ஆறுதல் சொல்லும் தூரத்தில் நின்றிருந்தான். அண்ணி காபிக் கணக்கை முதலாளிக்குச் சொல்லி முடித்திருந்தார் போலிருக்கிறது. அவர் மேஜை மேல் ஒரு தாளில் நூறு, தொண்ணூறு, எண்பத்தொன்று என்று எழுதி, முப்பது வருடத் தொழிலில் இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா ஒரு பேச்சுக்கு மூணுன்னு சொன்னேன் மேடம்," என்றான் சின்னவர். புன்னகை கொஞ்சம் கோணலாக இருந்தது. "ரெண்டு புள்ளி ஏழை யாரு ரெண்டு புள்ளி ஏழுன்னு சொல்லுவாங்க? முழுசாச் சொன்னேன். இதுக்குப் போய்…"

"சொல்லலாம். நானும் அப்படித்தான் சமாதானம் பண்ணிக்கிட்டேன்," என்றார் அண்ணி. "சார், நீங்க என்னைக் கூப்பிட்டது திருடனைக் கண்டுபிடிக்க இல்லை. வெள்ளி எங்கேன்னு கேட்டீங்க. ஊசி, ஜன்னல் பக்கம் வை."

ஊசி தட்டை ஜன்னல் விளிம்பில், மாலை வெயில் நேராக விழும் இடத்தில் வைத்துச் செய்தித்தாளை எடுத்தாள்.

"என்ன கருமம் இது," என்றார் முதலாளியம்மா.

"உங்க பையன் அறைத் தொட்டிக்கு அடியில இருந்தது," என்றாள் ஊசி. "என் வாழ்க்கையில நான் பாத்த முதல் வெள்ளிப் பாத்திரம்."

முதலாளி எழுந்து வந்தார். தட்டில் கிடந்த வெள்ளைத் திட்டுகளின் ஓரத்தில் மெல்ல ஊதா நிறம் ஏறத் தொடங்கியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஊதா அடர்ந்து சாம்பலாக மாறியது. இருட்டுக் குழாயில் வெள்ளையாக ஒளிந்திருந்தது, வெளிச்சம் பட்டதும் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது. அது என்னவென்று அந்த அறையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கீழ் அறைத் தொட்டியில் மைவிரல் தினமும் பார்ப்பதுதான். மாடி அறைத் தொட்டியில்தான் அதற்கு வேலையில்லை.

"வெள்ளிக்காகத் திருடறவன் அதைச் சாக்கடையில விடமாட்டான்," என்றார் அண்ணி. "இவருக்கு வெள்ளி வேண்டாம். இந்தப் பொண்ணு திருடியாகணும், அதுதான் வேணும்."

"டேய்," என்றார் முதலாளி.

சின்னவர் கண்ணாடிகளில் எங்கேயாவது தன் முகம் இல்லாத இடம் இருக்கிறதா என்று தேடினான். இல்லை.

"போன மாசம் அந்த ஓட்டல்காரர் வீட்டுக்கு அளவெடுக்கப் போனியே," என்றார் முதலாளியம்மா திடீரென்று. "அதுக்கப்புறம் நாலு தடவை அளவெடுத்தியே. அந்த வீட்ல எத்தனை சுவர்தான்டா இருக்கு?"

"அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு," என்று கடைசியில் சொன்னான் அவன். "நான் எப்படிம்மா வந்து இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்றது? மூணு நாள் பட்டினி கிடந்து வாங்கின சம்மதம். அப்பா என்னை மனுஷனா மதிப்பாரா? நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டா யாருக்கும் சங்கடம் இல்லைன்னு நினைச்சேன். போலீஸ் வரைக்கும் போகும்னு சத்தியமா நினைக்கலை. நான் மன்னிச்சு விடச் சொல்லித்தான் கேட்டேன்."

"பெரிய மனசு," என்றாள் ஊசி. "செய்யாத திருட்டை மன்னிக்க எல்லாராலயும் முடியாது."

மைவிரல் அவனை நேராகப் பார்த்தாள்.

"நான் சோதிச்சுப் பாப்பேன்னு உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"நீ எப்பவும் பாப்பியே," என்றான் அவன், வெகு இயல்பாக.

"பாத்துட்டு, குறையுதுன்னா மறைக்காம போய்ச் சொல்லுவேன்னும் தெரியும்."

ஊசிக்கு அந்த நேரத்தில் சொல்வதற்கு நான்கு வசனம் இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. ஒருத்தியின் நேர்மையை இவ்வளவு உறுதியாக நம்பி, அந்த நம்பிக்கையின் மேலேயே அவளுக்குக் குழி வெட்டியவனை எந்த வசனத்தால் குத்துவது?

மைவிரல் மோதிரத்தைக் கழற்றினாள். கறுத்த விரலில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. மோதிரத்தை அவனிடம் கொடுக்கவில்லை. முதலாளியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "உங்களுக்கு இனிமே சாப்பாடு இறங்கும்மா," என்றாள். கிண்டல் இல்லாமல்தான் சொன்னாள். முதலாளியம்மாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாலு ஐம்பது. முதலாளி இன்ஸ்பெக்டருக்கு போன் செய்து, குரலில் தேன் தடவி, ஒன்றுமில்லை, ஒரு சின்னக் கணக்குப் பிழை, வர வேண்டாம் என்றார். போனை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நடந்தது நடந்துபோச்சு. வீட்டு விஷயம், வீட்டோட இருக்கட்டும். மைவிரல், திங்கட்கிழமை ஓட்டல் வேலை ஆரம்பிக்கணும்மா. அந்த ஜாடியைச் சரி பண்ண முடியுமா?"

"முடியும் சார். இருநூத்து எழுபத்தேழு கிராம் உப்பு போட்டா பழைய அளவுக்கு வந்துடும்."

முதலாளி தன் தாளைப் பார்த்தார். "இருநூத்து எழுபத்தொண்ணுதானே குறையுது?"

"போடற உப்பும் கொஞ்சம் இடத்தை அடைக்கும். கோட்டுக்கு மேல ஏறும். ஏறின தண்ணிக்கும் சேர்த்துப் போட்டாத்தான் லிட்டருக்கு நூறு வரும்."

"சரிம்மா, போட்டுடு. போய்ப் போடு."

"போடறேன்," என்றாள் மைவிரல். நகரவில்லை. "காலையில முப்பத்தெட்டு பேரை நிக்க வெச்சு என்னைத் திருடின்னு சொன்னீங்க. அஞ்சு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. அவங்க வீட்டுலயும் இன்னைக்கு ராத்திரி இதைத்தான் பேசுவாங்க. நாளைக்கு என் தெருவுல பேசுவாங்க."

"அதுக்கென்னம்மா, திங்கட்கிழமை பொதுவா ஒரு வார்த்தை…"

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு சார்."

முதலாளி அண்ணியைப் பார்த்தார். அண்ணி பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஊசியைப் பார்த்தார். ஊசி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தேவைக்கு அதிகமான கவனத்துடன்.

மணி அடித்தார்கள். அறுக்கும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. காலையில் நின்ற அதே வரிசையில் முப்பத்தெட்டு பேரும் வந்து நின்றார்கள். முதலாளி காலையில் ஏறி நின்ற மரப்பெட்டியின் மீது ஏறினார். காலையில் அதில் ஏற அவருக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை. சின்னவர் கடைசியில் கதவோரமாக நழுவப் பார்த்தான். முதலாளியம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். ஒரு கையில் மோதிரம், மறு கையில் மகன்.

"காலையில நான் ஒரு விஷயம் சொன்னேன்," என்று ஆரம்பித்தார் முதலாளி, தன் செருப்பைப் பார்த்து. "அது வந்து… விசாரிச்சதுல… அந்த ஜாடியில தண்ணி கலந்தது இவ இல்லை. என் மகன். இவ திருடலை."

கடைசிச் சில வார்த்தைகள் அவருடைய சட்டைப் பையைத் தாண்டி வெளியே வரவில்லை.

முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள் மைவிரல். பத்துக் கறுத்த விரல்களும் எல்லோர் பார்வைக்கும் தெரிந்தன. அவள் திரும்பிக் கூட்டத்தின் கோடியை ஒருமுறை அளந்து பார்த்தாள். பிறகு முதலாளியிடம் சொன்னாள்.

"கடைசி வரிசைக்குக் கேக்கலை சார்."